துள்ளும் தடித்த தமிழ் எழுத்துரு: கடதாசியில் வெட்டிக் கணினியில் முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொத்து ரொட்டிக் கடையின் விலைப்பலகை, பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டியின் பனர், ஐஸ் கிரீம் வண்டி, பிறந்தநாள் கேக்கின் மேல் குத்தும் அட்டை. இவை எல்லாம் கேட்பது ஒரே மாதிரி எழுத்தைத்தான்: குண்டாக, சற்றே கோணலாக, யாரோ உட்கார்ந்து கையால் செய்ததுபோல. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட எழுத்துருக்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பலூ தம்பி, கொய்னி என்று சிலவற்றைச் சொல்லலாம். அவற்றை அறியாதவர்கள் வின்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவை எடுத்து, பக்கவாட்டில் இழுத்து, சுற்றிவரக் கறுப்புக் கோடு கொடுத்துத் தடிப்பாக்கி விடுகிறார்கள். காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடந்து பாருங்கள். சிங்கள வரி நன்றாக இருக்கும், ஆங்கில வரி அதைவிட நன்றாக இருக்கும், தமிழ் வரி மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கும் பலகைகள் எத்தனையோ.

கொழும்பில் எழுத்துரு வேலை நடக்காமல் இல்லை. மூனியாக் குழுவினர் செய்த போஸ்ட் நோ பில்ஸ், சுவரில் ஸ்டென்சில் வைத்து அடிக்கும் 'விளம்பரம் ஒட்டாதே' எழுத்தை அடியொற்றியது. அதன் சிங்களப் பதிப்புக்குக் கொழும்பு என்றும் தமிழ்ப் பதிப்புக்கு யாழ்ப்பாணம் என்றும் பெயர். இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் சாய்வான கையெழுத்துச் சாயலில் இருக்கும். குண்டும் குறும்புமான வகையில்தான் இடம் காலியாகக் கிடக்கிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு முடிவின் மேல் நிற்கிறது: மெய்யெழுத்துகளை அகர எழுத்துகளிலிருந்து பிரித்து, தனித்தனியாகச் செய்வது. வழக்கமாக ப என்று ஒன்றை வரைந்துவிட்டு, அதன் தலையில் குற்று ஒன்றை ஒட்டி ப் ஆக்கிவிடுவார்கள். செய்தித்தாள் எழுத்துக்கு அது போதும். கையால் செய்த எழுத்துக்குப் போதாது. தமிழில் க்க, ட்ட, த்த, ப்ப, ள்ள என்று இரட்டித்து வராத சொல்லைத் தேடத்தான் வேண்டும். அச்சு அசலாக ஒரே கோணலோடு இரண்டு ட பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கை செய்தது என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும். ட் என்பதைத் தனியாகச் செய்துவிட்டால், ட்ட என்று எங்கே வந்தாலும் இரண்டும் வேறு வேறாகத் தெரியும். ஆங்கில எழுத்துருக்காரர்கள் மாற்று வடிவங்கள் வரைந்து, நிரல் எழுதி வாங்குகிற பலனில் பாதியைத் தமிழின் எழுத்திலக்கணம் நமக்குச் சும்மா தருகிறது.

1. கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கையால் செய்த தோற்றம் வேண்டுமென்றால் கையால் செய்வதுதான் குறுக்கு வழி. கணினியில் நேர்த்தியாக வரைந்துவிட்டு அப்புறம் நெளிப்பதில் பிழைப்பு இல்லை. அந்த நெளிவு எல்லா எழுத்திலும் ஒரே அளவில் விழும், கண் பிடித்துவிடும்.

தட்டைத் தூரிகை, பிளாட்டிக்னம் பேனை, கத்தரிக்கோல் மூன்றும் மூன்று விதமான எழுத்தைத் தரும். தூரிகைக்குப் பழக்கம் வேண்டும். பேனையில் தடிப்பு வராது, நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தொடங்குபவருக்கு நான் சொல்வது கத்தரிக்கோல். அதற்குக் காரணம் இருக்கிறது: கத்தரிக்கோலால் மெல்லிய எழுத்தை வெட்டுவதுதான் கஷ்டம், தடித்த எழுத்து தானாக வரும். வளைவுகள் சின்னச் சின்ன நேர்வெட்டுகளாக உடையும். அந்த உடைவுதான் இந்த எழுத்துருவின் முகம்.

கறுப்புக் கடதாசி, வெள்ளை டிமைத் தாள், ஒரு நல்ல கத்தரிக்கோல், உள்வளைவுகளுக்கு ஒரு கட்டர், பென்சில். புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கத்துக் காகிதக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பிரிஸ்டல் போர்ட் வாங்க வேண்டாம். சின்ன வளைவில் அது திரும்பாது, விளிம்பு பிசிறும்.

2. எத்தனை எழுத்து வெட்ட வேண்டும்

247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, மெய் 18, இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36. கூட்டினால் 121. இவற்றோடு அரவு (ா), ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் சங்கிலிக் கொம்பு, ஔகாரத்தில் கடைசியாக வரும் குறி என்று 5. இந்த 126 துண்டுகளில் 247 எழுத்தும் அடங்கிவிடும். ஆகார, எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார, ஔகார வரிசைகளைக் கணினி பொருத்திக்கொள்ளும்.

கிரந்தத்தை விட முடியாது. பஸ், ஐஸ், ரோல்ஸ், ஜூஸ் இல்லாத கடைப்பலகை கொழும்பில் ஏது? ஜ, ஷ, ஸ, ஹ நான்கும், அவற்றின் மெய் நான்கும், க்ஷ, ஸ்ரீ இரண்டும், இவற்றோடு ஒட்டுவதற்குத் தனியாக நிற்கும் இகர, ஈகார, உகர, ஊகாரக் குறிகள் நான்கும் சேர்த்தால் மொத்தம் 140. ஒரு நாளைக்குப் பத்து வெட்டினால் இரண்டு வாரம்.

இகர ஈகார வரிசைகளை ஏன் தனித்தனியாக வெட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். மெல்லிய எழுத்தில், இகர ஈகாரக் குறியான விசிறியை எந்த எழுத்தின் தலையிலும் பொருத்தலாம். தடித்த எழுத்தில் விசிறியின் அடி ஒவ்வொரு எழுத்தோடும் ஒவ்வொரு இடத்தில் முட்டும். ணி, னி, மி மூன்றையும் குண்டாக எழுதிப் பாருங்கள், தெரியும். டி, டீ இரண்டும் எப்படியும் தனி வடிவம்தான்.

3. ண, இ இரண்டிலும் தொடங்குங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது.

பெரும்பாலானோர் ட, ப என்று எளியவற்றில் தொடங்குவார்கள். அவற்றில் எவ்வளவு தடிப்பு வைத்தாலும் தாங்கும். அந்தத் தடிப்போடு ண-வுக்கு வரும்போது உள்ளே வெள்ளை இடமே இருக்காது. கறுப்புக் கட்டியில் இரண்டு கீறல்போல இருக்கும். ன-வை விட ண-வில் ஒரு வளைவு கூடுதல் என்பதுதான் இரண்டையும் பிரிப்பது. அந்த வளைவின் உள்வெள்ளை அடைபட்டால் பணம் எது, பனம் எது என்று தெரியாது. இ, ஐ, ஞ, ஊ, ஹ இவற்றுக்கும் அதே கதிதான். ஆகவே எவ்வளவு குண்டாகலாம் என்பதை ண-வும் இ-யும் தீர்மானிக்கட்டும்.

கணக்கைப் பார்ப்போம். எழுத்தின் உடல் உயரம் 10 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ண-வின் அகலம் 18 சென்டிமீற்றர். குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது ண-வின் உடலை ஏறத்தாழ ஐந்து இடத்தில் வெட்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் 1.7 சென்டிமீற்றர் தடிப்பு என்றால் 8.5 போய்விடும், மிச்சம் 9.5 சென்டிமீற்றர் நான்கு இடைவெளிகளுக்கு. ஒவ்வொன்றும் 2.4 வரும். கோட்டை விட வெள்ளை சற்று அதிகம். தூரத்திலிருந்து படிக்க அது போதும்.

ட-வையும் அதே 1.7-இல் வெட்டினால் ண-வின் பக்கத்தில் அது பட்டினி கிடந்ததுபோல இருக்கும். ட-வுக்கு 2.4 வரை போகலாம். ப, ம, ய, வ ஆகியவற்றுக்கு 2.1 அல்லது 2.2. க, த, ந நடுவில். எல்லாவற்றுக்கும் ஒரே தடிப்பு என்ற விதியை விட்டுவிட்டு, எல்லாம் ஒரே அளவு கறுப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டிய எழுத்துகளைச் சுவரில் ஒட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் எது அதிகம் கறுப்பு, எது வெளிறியது என்று உடனே தெரியும்.

4. வெட்டுதல்

எழுத்தின் வெளிவிளிம்பைப் பென்சிலால் வரையாதீர்கள். வரைந்தால் கத்தரிக்கோல் பென்சில் கோட்டைப் பின்பற்றிப் போகும். எழுத்து பார்த்து எழுதியதுபோல ஆகிவிடும். நடுக்கோட்டை மட்டும், எலும்புபோல, மெல்லிசாக இழுத்துவிட்டு இரண்டு பக்கமும் கண்ணளவில் வெட்டுங்கள். கத்தரிக்கோலை அசைக்காமல் கடதாசியைத் திருப்பினால் வளைவு நன்றாக விழும்.

உள்வெள்ளைக்குக் கட்டர். அது இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒரு கோடு வெட்டி உள்ளே நுழைந்து வரலாம். அந்தக் கோட்டைப் பிறகு கணினியில் மூடிவிடுங்கள். சில எழுத்தில் மூடி, சில எழுத்தில் விட்டால் அழுக்காகத் தெரியும்.

கோணல் எவ்வளவு? தாராளமாக. கொஞ்சமே கொஞ்சம் கோணியிருந்தால் பிழை என்று நினைப்பார்கள், நன்றாகக் கோணியிருந்தால் குறும்பு என்று நினைப்பார்கள். எழுத்தின் உடலை இரண்டு முதல் நான்கு பாகை வரை சாய்க்கலாம். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். கொம்பையும் அரவையும் மட்டும் சாய்க்காதீர்கள், துள்ள விடாதீர்கள். கொ என்பது கொம்பு, க, அரவு என்று மூன்று துண்டு. மூன்றும் மூன்று பக்கம் சாய்ந்தால் ஒரு எழுத்தாக நிற்காது. நடுவில் இருப்பது ஆடட்டும், இரண்டு பக்கமும் இருப்பவை நேராக நிற்கட்டும்.

ர-வுக்கும் அரவுக்கும் உள்ள வேறுபாட்டை வெட்டும்போதே கவனியுங்கள். ர-வின் அடியில் இடப்பக்கம் இறங்கும் சின்னச் சரிவை விளையாட்டுக்காகச் சுருக்கிவிட்டால் ரொட்டி என்ற சொல் கொம்புக்குப் பின் இரண்டு அரவாகத் தெரியும். ர-வின் காலைக் கொஞ்சம் மிகையாகவே விடுங்கள். அதேபோல கௌ என்பதன் கடைசிக் குறியை ள-வை விடச் சின்னதாக வெட்டினால் கெள என்று தட்டச்சியதும் கௌ என்று தட்டச்சியதும் பார்த்தவுடனேயே பிரிந்து தெரியும். அச்சுக்குப் போகும் முன் பிழையைப் பிடிக்க அது பெரிய உதவி.

5. மெய்யெழுத்தும் குற்றும்

இந்த எழுத்துருவின் விளையாட்டு முழுவதும் இங்கேதான்.

ட-வைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு நேர்கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு, வலப்பக்கம் மேலே வெட்டவெளி. தடித்த எழுத்தில் அந்த வெட்டவெளி பெரிய ஓட்டையாகத் தெரியும். ட் என்பதைத் தனியாக வெட்டுகிறோம் அல்லவா, குற்றை அந்த மூலைக்குள்ளே இறக்கி விடுங்கள். ஓட்டையும் நிரம்பும், எழுத்தின் உயரமும் குறையும். ப்-இலும் அப்படித்தான்: மேலே திறந்திருக்கும் வாய்க்குள் குற்று பாதி இறங்கி உட்காரலாம். முழுதாக உள்ளே போனால் தூரத்திலிருந்து அடைத்த பெட்டிபோலத் தெரியும். பாதி வெளியே தலைநீட்டட்டும், சுற்றிலும் கோட்டின் பாதித் தடிப்பளவு வெள்ளை இருக்கட்டும். ங், ய் இவற்றிலும் முயன்று பார்க்கலாம். க், ன், ண், ஞ் போன்றவற்றில் தலை மூடியிருப்பதால் குற்று மேலேதான்.

குற்றை வட்டமாக வெட்ட மெனக்கெடாதீர்கள். ஒன்று ஐந்து பக்கம், ஒன்று சற்றே நீள்சதுரம், ஒன்று உருண்டை என்று 18-உம் வேறு வேறாக இருந்தால் நல்லது. அளவு மட்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். கோட்டின் தடிப்புக்குச் சமமான குறுக்களவு பொருந்தும்.

மெய்யின் உடலும் அகர எழுத்தின் உடலும் ஒரே பக்கம் சாயக்கூடாது. ப இடப்பக்கம் சாய்ந்தால் ப் வலப்பக்கம். அகலத்தையும் கொஞ்சம் குறையுங்கள், மெய் குறுகியிருந்தால் சொல் ஓடும். கொழும்பின் ஊர்ப்பெயர்களில் வைத்துப் பாருங்கள். பம்பலப்பிட்டி என்ற சொல்லில் ப நான்கு தடவை வருகிறது. ஆனால் இரண்டுதான் வெறும் ப. ஒன்று ப், ஒன்று பி. மூன்று வெட்டு, மூன்று முகம். ட் ஒன்று, டி ஒன்று. கொள்ளுப்பிட்டியில் ஒரு துண்டுகூடத் திரும்ப வருவதில்லை: கொ, ள், ளு, ப், பி, ட், டி. ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்பே இவ்வளவு கிடைத்துவிடுகிறது.

6. உகரமும் ஊகாரமும்

கீழே இறங்கும் எழுத்துகள் இவை. உகரம் மூன்று குடும்பம். பு, சு, யு, வு, ஙு ஆகியவற்றில் கோடு நேராக இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் வளைந்து சுற்றும். து, நு, லு, று, னு, ணு, ஞு ஆகியவற்றில் கீழே சென்று வலப்பக்கம் ஏறும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாலின் ஆழத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஊகாரத்தில் கூ, மூ, தூ, பூ நான்கும் நான்கு வழியில் முடிவதால் அங்கே கண்தான் அளவுகோல்.

வால் நீண்டால் கீழ்வரியின் விசிறியில் இடிக்கும். உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்க விடாதீர்கள். கடைப்பலகையில் இரண்டு வரி நெருங்கி வரும்போது இந்தக் கஞ்சத்தனம் கைகொடுக்கும்.

7. கணினிக்குள் கொண்டுவருதல்

ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ போதும். போன் என்றால் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். சாய்த்து எடுத்தால் மேற்பகுதி ஒடுங்கிவிடும். எல்லா எழுத்தையும் ஒரே தூரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் பிட்மேப் என்ற வசதி படத்தைக் கோட்டுருவாக மாற்றும். மாற்றியவுடன் புள்ளிகளைப் பாருங்கள். ப போன்ற ஒரு எழுத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருந்தால் அது கடதாசியின் பிசிறு, உங்கள் கையின் வெட்டு அல்ல. பாத் மெனுவில் உள்ள சிம்பிளிஃபையை ஒரு தடவை, தேவைப்பட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். அதற்கு மேல் போனால் கத்தரிக்கோல் விட்ட மூலைகள் உருண்டுவிடும், எழுத்து சவர்க்காரக் கட்டிபோல வழுக்கத் தொடங்கும். மூலைகள் கூர்மையாக இருப்பது முக்கியம்; மழுங்கியவற்றைக் கையால் திருத்துங்கள்.

8. எழுத்துருவாக்கும் மென்பொருளில்

ஃபொன்ட்ஃபோர்ஜ் இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும், முகம் மட்டும் கொஞ்சம் பழையது. கிளிஃப்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டும், மாக் கணினியில் மட்டும் ஓடும், வேலை செய்யச் சுகமானது. எதில் செய்தாலும் படி ஒன்றுதான்.

எம் அளவு, அதாவது எழுத்து அமரும் கட்டத்தின் உயரம், 1000 அலகு. 10 சென்டிமீற்றர் உடலை 700 அலகாக வைத்தால் ட-வின் தடிப்பு 168, ண-வின் தடிப்பு 119 என்று வரும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இடம் உள்ள எழுத்துகளை அந்தந்த இடத்தில் வையுங்கள். மெய், இகர உகர வடிவங்களுக்கு யூனிகோடில் இடம் கிடையாது; அவற்றுக்குப் புதிய கட்டங்கள் திறந்து, உங்களுக்குப் புரியும் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் கொடுங்கள். குற்று தனியாகவும் ஒன்று இருக்க வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கு யூனிகோடில் தனி இடம் இருப்பதால் அவற்றையும் கொம்பும் அரவும் சேர்த்து நிரப்பிவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளை இணைத்து, பாதைகளின் திசையைச் சரிபார்த்தால் இந்தப் பகுதி முடிந்தது.

மேலெல்லை, கீழெல்லை அளவுகளை ஈகாரத்தின் உச்சியும் ஊகாரத்தின் அடியும் உள்ளே அடங்கும்படி கொடுக்க வேண்டும். வின்டோஸுக்கான அளவு குறைந்தால் சில மென்பொருள்களில் விசிறியின் தலை சீவப்பட்டுவிடும்.

இடைவெளியை இறுக்கமாக வையுங்கள். தடித்த எழுத்து ஒன்றையொன்று தோளில் இடித்துக்கொண்டு நின்றால்தான் அழகு. கொம்புக்கு மட்டும் இடப்பக்கம் தாராளமாகவும் வலப்பக்கம் மிகக் குறைவாகவும் விடுங்கள், அது தனக்குப் பின்வரும் எழுத்தைச் சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அரவுக்கு நேர்மாறு.

9. பொருத்தும் விதிகள்

தட்டச்சும்போது ப அடித்து அப்புறம் கொம்பு அடிக்கிறோம். திரையில் கொம்பு முன்னால் வருகிறது. அந்த இடமாற்றத்தை மென்பொருளே செய்துகொள்ளும், நீங்கள் விதி எழுத வேண்டாம். நீங்கள் எழுத வேண்டியவை, இரண்டு குறி வந்தால் ஒரு வடிவத்தை வை என்ற பதிலீட்டு விதிகள். இந்த விதிகளைத் தாங்கும் எழுத்துருக் கோப்பு முறையான ஓப்பன்டைப்பில் தமிழுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. 2 என்று முடியும் புதியதின் (tml2) கீழ், விதிகளை அவற்றுக்குரிய பகுதிகளில் எழுதுங்கள்.

க்ஷ, ஸ்ரீ இரண்டும் அகண்ட் பகுதியில் வர வேண்டும். அது மற்றவற்றுக்கு முன்பே ஓடும். அங்கே வைக்காவிட்டால் க், ஷ என்று பிரிந்து நிற்கும். ஸ்ரீ இரண்டு விதமாகத் தட்டச்சப்படுகிறது: வழக்கமான ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கி ஒன்று. இரண்டுக்கும் விதி எழுதுங்கள். தவறினால் யாராவது ஒரு கோயில்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

மெய்யெழுத்துகளை ஹாஃப் பகுதியிலும் ஹலன்ட் பகுதியிலும் எழுதி வையுங்கள். சொல்லின் நடுவில் வரும் மெய்யும் கடைசியில் வரும் மெய்யும் ஒரே வழியில் கையாளப்படாத இடங்கள் உண்டு. இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் போஸ்ட் பேஸ் பகுதிக்குப் போகும்.

விருப்பம் இருந்தால் ஒரு கூடுதல் வேலை. 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்கள் பழைய பலகைகளிலும் கல்வெட்டுகளிலும் இன்னும் இருக்கின்றன. யூனிகோடில் பழையதும் புதியதும் ஒரே குறியீடுதான். எந்த உருவம் தெரிய வேண்டும் என்பது எழுத்துருவின் உரிமை. விரும்புகிறவர் திறந்துகொள்ளும் அழகியல் தொகுதியாக அவற்றை வைக்கலாம். குறும்பான எழுத்துக்கு அந்தத் துதிக்கை அப்படிப் பொருந்தும்.

10. மாற்று வடிவங்கள்

மெய்யைப் பிரித்தும் அடங்காத திரும்பல்கள் கொஞ்சம் இருக்கும். பம்பலப்பிட்டியின் இரண்டு ப, வெள்ளவத்தையின் இரண்டு வ, காக்கா என்பதன் இரண்டு கா. க, த, ப, ம, ர, ல, வ, ன எட்டுக்கும் அரவுக்கும் ஆளுக்கொரு மாற்று வெட்டினால் போதும். பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாற்றும் கன்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ் பகுதியில், ஒரு ப வந்து அதற்குப் பின் மூன்று வடிவத்துக்குள் இன்னொரு ப வந்தால் இரண்டாவதை மாற்று என்று விதி எழுதுங்கள். மைக்ரோசொஃப்ட் வேர்டில் பயனாளர் இதைத் தானே இயக்க வேண்டும்; பாவனைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

11. எண்களும் மற்றவையும்

0 முதல் 9 வரை கட்டாயம். தொலைபேசி இலக்கம் இல்லாத பனர் கிடையாது. விலையை 350/= என்று எழுதுவது நம் ஊர் வழக்கம்; சாய்கோடும் சமன்குறியும் ஒட்டி நிற்கும்படி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். வெளிநாட்டு எழுத்துருக்களில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவர்போல நிற்கும். ரூ என்ற எழுத்தை எப்படியும் வெட்டியிருப்பீர்கள், ஒரு புள்ளி போதும்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் 26 மட்டும் வெட்டினால் தொடக்கத்துக்குத் தாராளம். உயரம் தமிழின் உடல் உயரத்தை விடச் சற்றுக் கூட இருக்கட்டும். சிங்களத்தை, அதை எழுதிப் பழகிய ஒருவர் வெட்டுவதே முறை. தமிழ்த் துண்டுகளை வளைத்துச் சிங்களம் ஆக்க முயல வேண்டாம். நம் எழுத்தை அப்படிச் செய்கிறவர்கள்மேல் நமக்கு வரும் கோபத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

12. சோதனை

கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, தெமட்டகொடை, மருதானை, இடியப்பம், தேங்காய் எண்ணெய், ஐஸ் கிரீம், கொத்து ரொட்டி 650/=. இந்தச் சொற்களை ஏ4 தாளில் அடித்து, ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்து படியுங்கள். காலி வீதியில் ஓடும் 100 இலக்க பஸ்ஸிலிருந்து கடைப்பெயரைப் படிக்கிறவருக்கு இரண்டு விநாடிதான் கிடைக்கும். வீட்டில் உள்ள வயதானவர் ஒருவரிடமும், இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒன்றிடமும் காட்டுங்கள். பிள்ளை தடுக்கும் இடம் பெரும்பாலும் ண, ன, ஞ ஆகத்தான் இருக்கும். அங்கே வெள்ளையைக் கூட்டுங்கள். அப்புறம் அதே தாளை போனில் படம் எடுத்து, விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்.

தொழில்நுட்பக் குறைகளுக்கு ஃபொன்ட்பேக்கரி என்ற இலவசக் கருவி உண்டு. நீளமான பட்டியல் தரும். சிவப்பில் வருவதைத் திருத்துங்கள், மஞ்சளில் வருவதை வாசித்து முடிவெடுங்கள்.

13. அச்சகத்துக்கும் வெளியுலகுக்கும்

கொழும்பு அச்சகங்கள் பலவற்றில், யூனிகோடுக்கு மாறாத பழைய எழுத்துரு முறையான பாமினி இன்னும் ஓடுகிறது. பாமினி முறையில் ஒரு பதிப்புச் செய்து தரச்சொல்லிக் கேட்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. பாமினியின் குறியீட்டில் இத்தனை வடிவங்களுக்கு இடமும் இல்லை, தனி மெய்யும் மாற்று வடிவமும் போனால் இந்த எழுத்துருவில் மிஞ்சுவது தடிப்பு மட்டும்தான். அவர்களுக்கு வேண்டியது வேலை. எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்தால் எந்தக் கணினியிலும் உடையாமல் அச்சாகும். தாமே தட்டச்ச விரும்பும் அச்சகங்களுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள்: அடோபி மென்பொருள்களில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு பிடுங்கிக்கொண்டு பின்னால் நிற்கும்.

இலவசமாக விடுவதானால் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபொன்ட் உரிமம் பொருத்தமானது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பலகையும் சட்டையும் அடித்து விற்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் முடியாது. கூகுள் ஃபொன்ட்ஸில் சேர்க்க நினைத்தாலும் இந்த உரிமம்தான் வேண்டும். காசுக்கு விற்பதிலும் தவறில்லை, அப்போது ஒரு கணினிக்கா, ஒரு நிறுவனத்துக்கா என்று முதலிலேயே எழுதி வையுங்கள். பலகை எழுதும் ஓவியர் ஒருவரின் எழுத்தைப் பார்த்து வெட்டியிருந்தால் அவரிடம் கேட்டு, உரிய பணம் கொடுத்து, அவர் சம்மதித்தால் எழுத்துருவின் விவரக் கோப்பில் அவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.